உம்மா தடவிப் பார்க்கும் விரல்கள்

உம்மாவுக்கு மூட்டுகளை வீங்கவைக்கும் முடக்குவாதம் என்று காட்டிய இரத்தப் பரிசோதனையை, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் செய்தவளே நான்தான். வீட்டில் காரணம் கேட்டார்கள். "பரம்பரை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன்.

வாப்பாவுக்கு அது போதுமாயிருந்தது. "ஒங்கட வம்சத்து நோய்," என்று சிகரெட்டை இழுத்தபடி உம்மாவுக்குச் சொல்லிக்காட்டினார். அன்றிலிருந்து உம்மா காலையில் வீக்கம் இருக்கிறதா என்று என் விரல்களைத் தடவிப் பார்ப்பார். "ஒனக்கும் தந்துட்டேனோ, மகள்?"

பெருநாளுக்குக் கனமூலையிலிருந்து சாச்சி வந்தார். உம்மாவின் இரட்டைச் சகோதரி. ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள். உம்மாவால் திறக்க முடியாத அச்சாறு போத்தலைச் சாச்சி ஒரே திருகில் திறந்தார். "ஒண்ணாத்தானே பொறந்தம், எனக்கு ஏன் இல்ல?"

பதிலை நான் படித்திருந்தேன். இருவருக்கும் மரபணு ஒன்றுதான். ஆனால் அதில் எது விழித்திருக்கும், எது அடங்கிக்கிடக்கும் என்பதை வாழ்க்கையும் மாற்றும்: தொற்று, புகை. சாச்சி வீட்டில் யாரும் புகைப்பதில்லை. உம்மா கல்யாணமான நாளிலிருந்து வாப்பாவின் புகைக்குள் வாழ்ந்தவர். புகைதான் காரணம் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. பரம்பரை மட்டும்தான் என்று சொல்லவும் எனக்கு உரிமை இருக்கவில்லை.

"வாப்பா, சிகரெட்டோட வெளிய போங்க."

"பெரிய டொக்டர் வந்துட்டா!" என்று சிரித்தார்.

எல்லாம் விளக்கிய பிறகும் உம்மா என் விரல்களைத் தடவுவதை விடவில்லை. எனக்கு வாப்பா மேலுள்ள கோபம் ஒருநாள் ஆறலாம். அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னவள் மேலுள்ளது ஆறாது.