அலைக்கு உள்ளிருந்து ஒரு படம்

கரையில் நின்று ஜூம் போட்டு எடுக்கலாமே என்று என்னிடம் சொல்லாதவர்கள் திண்டிவனத்தில் இனி யாரும் பாக்கியில்லை. பல் டாக்டர்கூடச் சொன்னார், நான் பதில் பேச முடியாதபடி வாயில் கருவியை வைத்துக்கொண்டு. கரையிலிருந்து எடுத்தால் அலை தெரியும். கூடவே செல்ஃபி எடுக்கிற நாலு பேரும் ஒரு நாயும் தெரியும். அலை மடிந்து கூரையாகிற கணம் அந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும். இதை எல்லோருக்கும் விளக்கிச் சலித்துவிட்டேன். விழுப்புரத்தில் வருவாய்த் துறையில் இருந்த காலத்தில் சாதிச் சான்றிதழுக்கு என்னென்ன இணைக்க வேண்டும் என்று விளக்கியபோதுகூட இவ்வளவு சலித்ததில்லை.

நான் போகிற இடம் கோட்டக்குப்பத்துக்குப் பக்கத்தில், பலகை வைத்து அலைச்சறுக்கு ஆடுகிறவர்கள் கூடும் கடற்கரை. மண் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்வரிசைக்குப் பக்கத்தில்தான் அலை ஒழுங்காக உடையும். நல்லது எதுவும் வசதியான இடத்தில் நடக்காது. காலில் துடுப்பு மாட்டிக்கொண்டு, நீர்ப்புகாப் பெட்டிக்குள் கேமராவைப் பூட்டி, அலை உடைகிற இடத்தில் மிதந்துகொண்டிருப்பேன்.

இந்த வருஷம் ஆடி மாதத்தில் ஓர் அலை என்னைப் புரட்டியெடுத்தது. தோள்பட்டை பிசகி வீடு வந்தேன். மணலில் வழுக்கியதாகச் சொன்னேன். என் மனைவி நம்பினாளா தெரியாது. தைலம் தேய்த்துக்கொண்டே உத்தரவு போட்டாள்.

"மழை ஆரம்பிக்கிறதுக்குள்ள ஹால்ல மாட்டற மாதிரி ஒரே ஒரு படம் கொண்டாங்க. கொண்டாந்துட்டா அப்புறம் நான் வாயத் தொறக்கல. இல்லன்னா கேமராவ வித்துட்டு எல்லாரையும் மாதிரி பார்க்குல நடங்க."

கெடு இருந்தது, நிபந்தனை இருந்தது, மீறினால் விளைவும் இருந்தது. அரசாணைகளிலேயே இவ்வளவு தெளிவு அபூர்வம். ஒப்புக்கொண்டேன்.

புரட்டாசி வரை எடுத்ததில் பாதி நுரை. மீதியில் யாருடைய பாதமாவது இருந்தது. மழை வந்துவிட்டால் கடல் கலங்கி டீ நிறமாகிவிடும். ஆயுத பூஜைக்கு மறுநாள் நல்ல அலை வரும் என்று முன்னறிவிப்பு சொன்னது. அதோடு சரி, அதற்குமேல் அவகாசமில்லை.

அதனால் பூஜைக்கு முந்தின நாளே எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். பெட்டியின் மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதில் ஒரு தலைமுடி கிடந்தாலும் தண்ணீர் நுழையும். வளையத்தைக் கழற்றித் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, கிரீஸ் போட்டுப் பூட்டி, பக்கெட் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. சரிபார்க்கப்பட்டது.

மறுநாள் ஸ்கூட்டர், மிக்சி, தையல் மெஷின், அரிவாள்மணை எல்லாவற்றோடும் என் பெட்டியும் சாமிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. பெட்டிக்கு மேல் என் மனைவி சந்தனம் வைத்ததைப் பார்த்தேன். வெளியேதானே என்று விட்டுவிட்டுப் பால் வாங்கப் போனேன். படையல் போட்ட பிறகு ஆயுதத்தை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் அன்றைக்கு வெங்காயம்கூட நறுக்க மாட்டார்கள்.

விஜயதசமி விடியலில் கற்பூரம் காட்டிப் பெட்டியை ஒரு சாண் நகர்த்தினாள். "இன்னிக்கித் தொட்டு எடுத்தா நல்லது. எடுத்துக்கினு போங்க" என்று அவளே கையில் கொடுத்தாள். கூடவே அவித்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், ஒரு பொட்டலம். ஒருமுறை சரிபார்த்ததை எதற்கு இன்னொருமுறை பார்ப்பது? கிளியனூர் தாண்டும்போது வெளிச்சம் வந்தது.

கடல் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. வழக்கமாக அங்கே அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிற உள்ளூர்க்காரர் என் பக்கத்தில் பலகைமேல் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், கேமரா பொட்டு வெச்சிக்கினு வந்துகீது?"

"நேத்து ஆயுத பூஜை இல்லியா. பெட்டிக்கு வெச்சாங்க."

"பெட்டிக்கு இல்ல சார். உள்ள கீது."

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கக் கண்ணாடி வழியாகக் கேமராவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் தெரிந்தன. ஓரத்தில் ஒரு துணுக்கு மல்லிப்பூ. அந்தப் பூவைக் கட்டிய நூலின் முனை ரப்பர் வளையத்தைத் தாண்டி வெளியே வந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு ஸ்பூன் அளவுக்குக் கடல் தேங்கியிருந்தது.

கசிவு கண்டால் உடனே கரையேற வேண்டும். இதில் மாற்றுக் கருத்தே கிடையாது. நான் கரைப்பக்கம் திரும்பினேன்.

"சார், எங்க போறீங்க? ஜல்தி வாங்க, பெருசு பெருசா வருது!"

தூரத்தில் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. கேமரா போனால் கேமராவோடு போகும். படம் இல்லாமல் கரையேறினால் கடலே போய்விடும். பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, அவளைத் திட்டிக்கொண்டே உள்ளே நீந்தினேன். இரண்டாவது அலை என் தலைக்குமேல் மடிந்தது. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். வெளியே வந்தபோது கேமரா செத்திருந்தது.

வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தேன். "பெட்டியை யார் தொறக்கச் சொன்னது?"

"பெட்டிக்கு வெச்சா பெட்டிக்குத்தான பூஜை? வேல செய்யறது உள்ள இருக்கறது. அதுக்கு வெக்க வேணாமா?"

"வெச்சதாலதான் போச்சு!"

"வெக்கலன்னா உங்களுக்கில்ல ஆயிருக்கும்? அது வாங்கிக்கிச்சி, விடுங்க."

ஈரம் துடைத்து மெமரி கார்டை லேப்டாப்பில் போட்டேன். பயந்ததற்கு மாறாகப் படங்கள் இருந்தன. அதில் ஒன்று, நான் சொல்லக்கூடாது, மிகப் பிரமாதம். பச்சைக் கூரை ஒன்று முழுதாக வளைந்து இறங்குகிறது. அதன் விளிம்பில் வெயில் கிழிந்து தொங்குகிறது. குகையின் அந்தப் பக்க வாயில் வட்டமாக, தெளிவாகத் திறந்திருக்கிறது.

"பார்" என்றேன். "கெடுவுக்குள்ள கொண்டாந்துட்டேன்."

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு திரையில் விரல் வைத்தாள்.

"இது என்னாங்க, மேல இருக்கறது?"

"அலை."

"இதுக்குக் கீழயா இருந்தீங்க?"

"ஆமா. அதான் விஷயமே."

"அங்க வட்டத்துக்குள்ள கருப்பா தெரியுதே, அது?"

"கல்லு."

"எவ்ளோ தூரம்?"

லென்ஸைப் பற்றி ஏதோ சொன்னேன், அகலக் கோணத்தில் தூரமெல்லாம் மாறித் தெரியும் என்று. உண்மையில் அந்த லென்ஸ் பக்கத்தில் இருப்பதைத் தள்ளித்தான் காட்டும். அது அவளுக்கும் தெரிந்திருக்கும் போலிருக்கிறது.

"இடுப்பளவு தண்ணியில நின்னு எடுக்கறீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "படம் நல்லாதான் இருக்குது. ஹால்ல மாட்டலாம். நீங்க இனிமே போவாதீங்க."

"நீதானே சொன்ன, படம் கொண்டாந்தா வாயத் தொறக்க மாட்டேன்னு!"

"எங்க இருந்து எடுப்பீங்கன்னு அப்ப நீங்க சொல்லலியே."

முக்கியமான விவரத்தை மறைத்துப் பெற்ற உத்தரவு செல்லாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் எத்தனையோ பட்டாக்களை ரத்து செய்திருக்கிறேன், எத்தனையோ பேர் என் மேஜைக்கு முன்னால் நின்று கத்தியிருக்கிறார்கள். மேல்முறையீடு செய்யலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் மேல்முறையீட்டு அதிகாரியும் அவள்தான்.