ரோஜா இலையை வெட்டியது யார்?

காலையில் மாடித் தோட்டத்திலிருந்து என் கணவர் கத்தினார். "ரோஜா இலைய யாரு இப்படி வட்ட வட்டமா வெட்டினது?" கேட்டதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அன்று இதையே கேட்டவர் அத்தா, என் அப்பா. புதுச்சேரியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய தையல் கடை. வாசலில் இருந்த பன்னீர் ரோஜா அவருக்கு உயிர். "என் கத்தரிக்கோல எடுத்தது நீதானே?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

வெட்டியது ஒரு தேனீ. அதற்குக் கூட்டமுமில்லை, ராணியுமில்லை. ஒண்டியாளாய் இலைத்துண்டைச் சுருட்டி எடுத்துவந்து, ஜன்னல் சட்டத்தில் கொக்கி பிடுங்கிய ஓட்டைக்குள் முட்டைக்கு அறை கட்டிக்கொண்டிருந்தது.

"காட்டுறேன், ஆனா ஒண்ணும் பண்ணக்கூடாது" என்றேன். அத்தா என் தலையில் கை வைத்தார். "சத்தியமா அதத் தொடமாட்டேம்மா." பார்த்ததும் சிரித்துவிட்டார். "அட, என்னவிட நல்லா வெட்டுறாளே!"

மறுநாள் பள்ளி விட்டு வந்தால், ஓட்டை நிறைய மெழுகு. பச்சைத்துண்டோடு வந்த தேனீ அதில் முட்டி முட்டித் திரும்பியது.

"தொடமாட்டேன்னு சொன்னீங்களே அத்தா?"

"ஈய எங்க தொட்டேன்? ஓட்டையத்தானே அடைச்சேன்."

துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். இடத்தைக் காட்டிக்கொடுத்தவள் நானல்லவா, எனக்கு அழக்கூட வாய் வரவில்லை. அதன்பின் அத்தா தலையில் கை வைக்க வந்தாலே நகர்ந்துகொள்வேன்.

இப்போது கணவர் நின்ற மாடிக்குப் போனேன். சுவரில் கொடிக்கம்பி ஆணி பிடுங்கிய ஓட்டையில் பச்சையாக ஓர் இலை நுனி தெரிந்தது.

"உன்னத்தான் கேக்கறேன், யாரு வெட்டினது?"

ஓட்டையை மறைத்துச் சாய்ந்து நின்றேன்.

"நான்தான்."