அடுப்பு ஆறும் நேரம்

பேக்கரி அடுப்புகளைப் பழுதுபார்ப்பது அவன் தொழில். ஆள் உயர இரும்பு அடுப்புக்குள் பாதி உடம்பை நுழைத்துப் படுத்து, கருகிப்போன ஒயரை மாற்றுவான். எந்நேரமும் பின்பாக்கெட்டில் துருத்திக்கொண்டிருந்த ஸ்பானரால் ஊருக்கே அவன் பெயர் ‘ஸ்பானர்’.

நாற்பத்திரண்டு வயதில் ஒரு ராத்திரி அவனுக்குப் புத்தி பிசகியது. நண்பனுக்கு பதவி உயர்வு கிடைத்த விருந்தில் நாலு கிளாஸ் உள்ளே போக, வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். தெருமுனை மருந்துக்கடையின் ஷட்டர் ஒரு முழம் உள்ளே போனது. பூட்டிய கடை என்பதால் யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனாலும் மறுநாள் கடைக்காரர், “நான் உள்ள இருந்திருந்தா என்னப்பா ஆயிருக்கும்?” என்று கேட்டது அவன் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அதற்கப்புறம் குடியை அவன் தொடவில்லை.

நீதிபதி சிறைக்கு அனுப்பவில்லை. ஒரு வருட நன்னடத்தைக் காலம் கொடுத்தார். லைசன்ஸ் பறிபோனது. திங்கட்கிழமைதோறும் நன்னடத்தை அதிகாரி முன் நிற்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் வயிற்றில் அடித்தது. பேக்கரியில் ஐந்து மணிக்கு அடுப்பை அணைப்பார்கள். அது ஆற இரண்டு மணி நேரம் பிடிக்கும். இவன் வேலை தொடங்க வேண்டிய நேரத்தில் வீட்டுக் கதவைச் சாத்தியாக வேண்டும்! முதல் மாதம் பகலில், நடந்து போகும் தூரத்துக் கடைகளில் மாவு பிசையும் இயந்திரங்களை மட்டும் பார்த்து ஒப்பேற்றினான்.

ஒருநாள் பழைய வாடிக்கையான பேக்கரி முதலாளி போனில் கெஞ்சினார். “ஒரு மணி நேர வேலைப்பா. வந்துட்டுப் போயிடு. யாருக்குத் தெரியப்போகுது?”

ஆசை வந்தது உண்மை. பையைக்கூட எடுத்துவிட்டான். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, “அண்ணே, திங்கக்கிழமை கேட்டுட்டுச் சொல்றேன்” என்றான்.

அதிகாரி அம்மாள் கறாரான ஆள். “உங்க முதலாளிகிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க.”

“முதலாளியும் நான்தான், தொழிலாளியும் நான்தான் மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. “அடுப்பு ஆறுற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?”

ஸ்பானர் சட்டைக் கையை மடித்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஓடிய தழும்பைக் காட்டினான். “ஒரு தடவ காத்திருக்கல.”

அம்மாள் அதைப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். “இப்ப சொன்னத அப்படியே எழுதுங்க. எந்தக் கடை, எத்தனை மணி, எல்லாம் வேணும்.”

பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவன் முழுப்பக்கம் எழுதியது அன்றைக்குத்தான். வியர்த்துவிட்டது. இரண்டு வாரத்தில் நீதிமன்ற உத்தரவு வந்தது: வாரம் மூன்று நாள் ஒன்பது மணிவரை வேலை செய்யலாம், கடைக்காரர் கையெழுத்து வேண்டும். வண்டி ஓட்டும் பேச்சுக்கே இடமில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவள் அவன் அக்கா. இருபத்தைந்து வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியை வாங்கிக்கொண்டு அவள் போட்ட முதல் உத்தரவு: “ஒழுங்கா உட்காரு. ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டாத.”

“அக்கா, எனக்கு நாப்பத்திரெண்டு வயசு.”

“அதனாலதான் சொல்றேன். சின்னப் பசங்க சொன்னாக் கேட்பாங்க.”

அவள் ஓட்டினால் வேகமுள் முப்பதுக்கு மேல் ஏறாது. சைக்கிள்காரர்கள்கூட முந்திப் போனார்கள். முதலில் பல்லைக் கடித்தவன், போகப்போக அந்த வேகத்துக்குப் பழகிவிட்டான். அவன் அடுப்புக்குள் கிடக்கும்போது அக்கா பேக்கரி முதலாளியோடு பேசிக்கொண்டிருப்பாள். ரொட்டி விநியோக வண்டி ஏன் தினமும் தாமதம் என்று விசாரித்து, எந்தத் தெருவில் எப்போது நெரிசல் என்று அவருக்கே பாடம் எடுத்தாள்.

வருடம் முடிந்து லைசன்ஸ் கைக்கு வந்த வாரத்தில், அந்த முதலாளி அவளை விநியோக வண்டி ஓட்டக் கூப்பிட்டார். “உனக்கு வருத்தம் இல்லையே தம்பி?” என்று தயங்கினாள்.

“எனக்கு என்னக்கா வருத்தம்? போயிட்டு வா.”

மறுநாள் ஸ்பானர் தனியாக வேனைக் கிளப்பினான். மருந்துக்கடை வந்ததும் நிறுத்தினான். புது ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் திரும்பிப் பார்த்து, “வேலைக்கா?” என்றார்.

“ஆமாண்ணே, வேலைக்குத்தான்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.