சகாயமேரி சூடாக்கிய உப்புக் கரைசல்

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து முகப்பேர் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போய்வந்தவள் சகாயமேரி. ஒரு மார்கழிக் குளிரில், நெஞ்சில் சளி கட்டிய தலைச்சன் குழந்தையைப் பறிகொடுத்தவள். அதன்பின் உயிருள்ள எதன் மேலும் குளிர்ந்த நீரை ஊற்ற அவளுக்கு மனம் வந்ததில்லை.

1993-இல் அங்கே ஜெகதாம்பாள் மேடம் ஆராய்ந்தது, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் நீர் குடிக்கும் விதத்தை. செல்லின் மெல்லிய மேலுறை அலையாக எழும்பி, கிண்ணமாகக் குவிந்து, நீரை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். கிண்ணம் திறந்திருக்கும் சில நொடிகளில், 'விழுங்கு' என்னும் சமிக்ஞை அந்தச் சுவர்களுக்குள்ளேயே அடைபட்டு வலுக்கிறது என்பது ஜெகதாம்பாளின் நம்பிக்கை. சாயம் ஏற்றினால் அந்த இடம் ஒளிர வேண்டும். கிண்ணம் மூடுவதற்குள் ஐஸில் வைத்த உப்புக் கரைசலை ஊற்றினால், செல் அப்படியே நின்றுவிடும். ஊற்றுவது சகாயமேரியின் வேலை.

ஆனால் எல்லாப் படங்களிலும் கிண்ணங்கள் மூடியிருந்தன. ஒளி கலைந்து மங்கிக் கிடந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள படம் வரலேன்னா இந்த ஆராய்ச்சிய நிறுத்திடலாம்மா" என்றார் ஆய்வுக்கூட இயக்குநர் பரந்தாமன், ஜெகதாம்பாளிடம்.

ஜெகதாம்பாள் கலங்கிப்போய்க் கேட்டாள்: "ஐஸ்லதானே வச்சே, சகாயம்?"

"ஆமா மேடம்" என்றாள் சகாயமேரி, தரையைப் பார்த்து.

வியாழனன்று ஜெகதாம்பாள் சீக்கிரமே வந்துவிட்டாள். சகாயமேரியின் மேசையில், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கரைசல் பாட்டில் நின்றது; பக்கத்தில் அவள். பின்னால் வந்த அட்டெண்டர் எத்திராஜ் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா சகாயக்கா, செல்லுக்கு எண்ண தேச்சி குளிப்பாட்டிகினு கீறியா? சாம்பிராணி போட்டியா?"

சகாயமேரி பாட்டிலை வெளியே எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"குளிருமேன்னு, மேடம்... உசிரு கீதுன்னு சொன்னீங்களே. என் கையால ஐஸ் தண்ணி ஊத்த முடில. பொய் சொல்ட்டேன்."

எத்திராஜின் சிரிப்பு அடங்கியது. ஜெகதாம்பாளுக்கு வந்த கோபம் பாதியில் நின்றது.

"ஐஸ் எதுக்குன்னு நான் ஒரு நாளாவது உனக்குச் சொன்னேனா, சகாயம்? ஊத்து ஊத்துன்னு மட்டும்தானே சொன்னேன்... குளிர்ந்தாத்தான் அந்தக் கிண்ணம் மூடாம அப்படியே நிக்கும். நகரு, நானே ஊத்துறேன்."

"வேணாம் மேடம். குடுங்க."

ஐஸில் வைத்த பாட்டிலை வாங்கி ஊற்றினாள். ஊற்றும்போது உதடுகள் ஜெபம் போல, 'பொறுத்துக்கோ கண்ணு' என்று முணுமுணுத்தன.

மாலையில் நுண்ணோக்கியின் கீழ் கிண்ணங்கள் வாய் திறந்தபடி நின்றன. அவற்றின் சுவர்கள் மட்டும் விளக்கேற்றியதுபோல் ஒளிர்ந்தன.

மறுநாள் பரந்தாமன் படத்தைப் பார்த்து, கை தட்டினார். ஜெகதாம்பாள் சகாயமேரியைத் தேடிப் போனாள். அவள் பாத்திரம் கழுவும் இடத்தில், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதுகொண்டிருந்தாள்.