காதைக் காட்டுங்கம்மா

எழுபதுகளின் கடைசியில், ரத்த சோகை இருக்கிறதா என்று பார்க்க எங்கள் தெருவுக்கு ஒரு நர்ஸ் வந்தார். ஆரணியில் பட்டு நெய்கிற குடும்பம் எங்களுடையது. என் கொழுந்தனார் மனைவி லட்சுமி அப்போது கர்ப்பிணி. தறியில் உட்கார்ந்தாலே மயங்கிச் சரிவாள். அவளே, நர்ஸ் ஊசியை எடுத்ததும் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"விரல்ல குத்தாதீங்கம்மா. ஒரு சொட்டு ரத்தம் பட்டுல பட்டா புடவையே பாழாயிடும்."

கூடியிருந்த பெண்களும் அதையே சொல்லிக் கலையத் தொடங்கினார்கள். நர்ஸ் பெட்டியை மூடப் போனார். லட்சுமியின் வெளுத்த உதட்டைப் பார்த்தேன். சட்டென்று என் தோட்டைக் கழற்றினேன்.

"காதுல எடுக்க முடியுமாங்க? தோடு போடக் குத்தின காதுதானே? இன்னொரு குத்துக்கா பயந்துகினு ஓடப் போறோம்?"

நர்ஸ் சிரித்துவிட்டார். "தாராளமா எடுக்கலாம்மா!"

முதலில் நான் உட்கார்ந்தேன். அடுத்து லட்சுமி. பின்னால் தெருவே வரிசையில் நின்றது. லட்சுமிக்கு ரத்தம் மிகக் குறைவு என்று அன்றுதான் தெரிந்தது. மாத்திரையில் தேறி, நல்லபடியாகப் பெற்றெடுத்தாள்.

பிறகு பக்கத்து ஊரான சேவூரில் தறி வீடுகளுக்குப் போன அந்த நர்ஸ், வாசலிலேயே "காதைக் காட்டுங்கம்மா" என்றுதான் ஆரம்பித்தாராம். அதைக் கேட்ட அன்று கடைத்தெருவில் நிமிர்ந்து நடந்தேன். இன்றைக்கும் தோட்டைக் கழற்றும்போது முதுகு தானாக நிமிர்கிறது.