காற்றோட்டமான பனியன்

அல் கூஸ் லேபர் கேம்ப்பிலிருந்து கட்டட சைட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில்தான் என் பாதித் தூக்கமே. இன்று, காற்றோட்டமாக இருக்கிறதே என்று வாங்கிய இரண்டு பழைய பாஸ்கெட்பால் பனியன்களில் ஒன்றோடு ஏறினேன்.

பக்கத்து சீட் பிலிப்பைன்ஸ்காரர் துள்ளிவிட்டார். "பாய், இது எங்க ஊர் டீம்! நீயும் ஃபேனா?"

தூக்கக் கலக்கத்தில் தலையாட்டித் தொலைத்தேன்.

பஸ் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. நான் ஜன்னல் ஓரம். வழியை அடைத்துக்கொண்டு அவர். டீம் பிறந்த கதை, தோற்றே கிடந்த வருடங்கள், முதல் கோப்பை எல்லாம் வந்தன. ஒரு ஃபைனல் கடைசி நொடியில் பறிபோனதைச் சொல்லும்போது கண் கலங்கிவிட்டார்.

இறங்கும்போது, "நாளைக்கும் உனக்கு சீட் போட்டு வைக்கிறேன் பாய்!"

ரூமுக்கு வந்து பார்த்தால், என்னுடைய இன்னொரு பனியனில் அந்த ஃபைனலை ஜெயித்த டீமின் பெயர்.

எதைப் போட்டால் தூங்க விடுவார், சொல்லுங்கள்.