தொலைக்காட்சியில் வந்த அண்ணன்

தொலைக்காட்சியில் அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். பின்னணியில் சோகமாகப் புல்லாங்குழல். தனக்கென ஓர் உலகத்தில் வாழ்கிறவர் என்று ஒரு பெண்குரல் உருக்கமாகச் சொன்னது. என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து அதைப் பார்த்த அண்ணன், “சாக்கு எங்க?” என்று கேட்டான்.

முதுகுளத்தூரில் ஒரு வத்தல் மண்டியில் அவனுக்கு வேலை. மிளகாய் வத்தல் அடைத்த மூட்டைகளின் வாயைக் கோணி ஊசியால் தைத்து மூடவேண்டும். பள்ளிக்கூடம் அவனை வேண்டாமென்று அனுப்பிய காலத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. அது வந்து சேர்வதற்குள் அவன் மண்டியில் பழைய ஆளாகியிருந்தான். படம் எடுக்க வந்தவர்கள் ஒரு காலை முழுவதும் அவன் தைப்பதை எடுத்தார்கள். சுமைதூக்குகிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் எடுத்தார்கள். பிறகு காரில் ஏற்றிப் புதுமடம் கடற்கரைக்குக் கூட்டிப்போய் மணலில் உட்காரச் சொன்னார்கள். சொன்னபடி உட்கார்ந்தான். ஒளிபரப்பில் வந்தது அந்த மணல்தான்.

மறுநாள் மண்டி முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். நிகழ்ச்சியைப் பார்த்துத் தன் மனைவி அழுததாகச் சொன்னார். இப்படிப்பட்டவனை வத்தல் நெடியில் வேலை வாங்கியது பாவம், இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். அண்ணன் கேட்கவில்லை. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு போய் மண்டிக்கு எதிரே வெயிலில் நிற்பான். உள்ளேயிருந்து யாரும் கூப்பிடமாட்டார்கள். மதியம் நான் போய்க் கூட்டிவருவேன்.

பொறுக்கமுடியாமல் முதலாளியிடமே போனேன். “அண்ணனுக்கு வேல செய்யத் தெரியும் மொதலாளி. டிவில அத மட்டுந்தான் காட்டல,” என்றேன்.

“நாளைக்கு வரச்சொல்லுத்தா,” என்றார்.

வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் கூட இருந்தவர்கள் மாறிப்போயிருந்தார்கள். கோணலாகத் தைத்தால் சத்தம் போடுகிறவர்கள் இப்போது ஒன்றும் சொல்லாமல் தாங்களே பிரித்துத் தைத்தார்கள். சாப்பிட உட்கார்ந்தால் குரலைத் தணித்துக்கொண்டு, அவனுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அவனைப் போன்றவர்களை அதன்பிறகும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். மனக்கணக்குப் போட்டுக் கைதட்டல் வாங்குவார்கள். இல்லாவிட்டால் ஜன்னலோரம் உட்கார்ந்து நம்மை அழவைப்பார்கள். காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் களைத்துத் திரும்புகிற ஒருவரை இன்னும் பார்க்கவில்லை.

ஒருநாள் அப்படித் திரும்பிய அண்ணன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

“தங்கச்சி, இப்ப ஏன் என்னைய யாரும் வையமாட்டேங்குறாக?”

எனக்குக் காரணம் தெரியும். கை கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றினேன்.